குட்டிப் பிள்ளைகளோட மதுரையில ஒரு நாள்: ஓடாம, அழ வைக்காம சுத்திப் பாக்க முழு வழிகாட்டி

லீவுக்கு எங்க வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான், "ஒரே நாள்ல மதுரைய முடிச்சிரலாம்ல?" இடுப்புல ரெண்டு வயசு, கையப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு வயசு, போன்ல எட்டு இடம் எழுதின லிஸ்ட்டு. கோயில், மஹால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில்னு போய்க்கிட்டே இருக்கும். காரு வச்சு விரட்டுனா முடிச்சிரலாம், ஆனா பிள்ளைக்கு அன்னைக்கு முழுக்க ஞாபகம் இருக்கப்போறது காரு சீட்டும் அம்மா திட்டுனதும்தான்.

நான் சொல்றது மூணே இடம். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். இதுலயும் நடுவுல மூணு, நாலு மணி நேரம் ஒன்னும் செய்யாம ரூம்ல படுத்துக் கிடக்கணும். இந்த மூணையும் ஏன் சொல்றேன்னா மூணும் ஒரே கதை. மஹால் கட்டுறதுக்குச் செங்கல் அறுக்க மண்ணு தோண்டுனாங்க, தோண்டுன பள்ளத்தைத்தான் தெப்பக்குளமா ஆக்குனாங்க, அப்படித் தோண்டுறப்ப உள்ள இருந்து ஒரு பெரிய பிள்ளையார் கிடைச்சாரு, அவரைக் கொண்டுபோய் கோயில்ல வச்சாங்கன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. பிள்ளைகளுக்கு இதை விட நல்ல கதை வேணுமா? காலையில பிள்ளையாரு, பத்து மணிக்கு அரண்மனை, சாயந்திரம் அந்தப் பள்ளம். நாள் முழுக்க ஒரே கதைய இழுத்துட்டுப் போகலாம்.

முதல்ல நாளைப் பாருங்க

இடத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி நாளைப் பாக்கணும். மார்ச் கடைசியில இருந்து ஜூன் வரைக்கும் சின்னப் பிள்ளைகளோட வேண்டாம், மதுரை வெயிலு சும்மா விடாது. சித்திரைத் திருவிழா அழகுதான், திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆத்துல இறங்குறதுன்னு ஊரே வேற மாதிரி இருக்கும், ஆனா அந்தக் கூட்டத்துக்குள்ள ரெண்டு வயசுப் பிள்ளைய நான் கூட்டிட்டுப் போக மாட்டேன், பிள்ளை கொஞ்சம் வளரட்டும். கார்த்திகை, மார்கழில வெயிலு குறைவுதான்னு வருவாங்க, அப்ப சபரிமலைக்குப் போற சாமிமாருங்க வெளியூர்ல இருந்தெல்லாம் பஸ் பஸ்ஸா வந்து கோயில்ல வரிசை நீண்டுரும். தைப்பொங்கல் முடிஞ்சு மாசி வரைக்கும் உள்ள நாளுதான் என் கணக்குல ரொம்ப நல்லது. கிழமைல செவ்வாயில இருந்து வியாழனுக்குள்ள பாருங்க, அம்மன் கோயில்ங்கிறதால வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கும், சனி ஞாயிறு சொல்லவே வேண்டாம். காலண்டர்ல முகூர்த்த நாளான்னும் ஒரு பார்வை பாத்துருங்க.

ரூம் எங்க போடுறீங்கங்கிறதுலதான் பாதி நாள் இருக்கு

ஒரு நாள்தானே, ரூம் எதுக்குன்னு நினைக்காதீங்க. கோயில் மதியம் 12.30க்கு நடை சாத்துனா சாயந்திரம் 4 மணிக்குத்தான் திறப்பாங்க. உங்க வீட்டுச் சின்னது எத்தனை மணிக்குத் தூங்கும்? அதே நேரம்தான். மீனாட்சியே அந்த நேரத்துல ஓய்வெடுக்குறா, நம்ம பிள்ளைய ஏன் ரோட்டுல வச்சு அலைக்கழிக்கணும்? அதனால கோயிலுக்குப் பக்கத்துல, மாசி வீதிகளச் சுத்தியோ ரயில்வே ஸ்டேஷனுக்கு எதுத்தாப்லயோ ரூம் எடுங்க. ஸ்டேஷன்ல இருந்து மேலக் கோபுரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட நடக்க வேண்டியிருக்காது. ஊருக்கு வெளிய ரிங் ரோடு பக்கம் பெரிய ஓட்டல் நல்லாத்தான் இருக்கும், ஆனா மதியம் பிள்ளை தூங்கி வழியிறப்ப அரை மணி நேரம் டிராபிக்ல போகணும், தூக்கம் வண்டியிலயே முடிஞ்சு போய் ரூமுக்குள்ள நுழையிறப்ப முழிச்சுக்கும். அப்புறம் சாயந்திரம் முழுக்க நச்சுதான்.

ரூம் புக் பண்றப்ப ரெண்டு கேள்வி கேளுங்க. லிஃப்ட் இருக்கா, கணக்கு 24 மணி நேரமா இல்ல மதியம் 12க்கு காலி பண்ணணுமா. ரெண்டாவது கேள்விய விட்டுட்டா தூங்குற பிள்ளைய எழுப்பிப் பெட்டியக் கட்ட வேண்டியிருக்கும்.

பையில என்ன

நிறைய எடுக்காதீங்க, நீங்கதான் சுமக்கணும். குடிதண்ணி, ஃபிளாஸ்க்குல கொஞ்சம் சுடுதண்ணி, ஆளுக்கு ஒரு செட்டு மாத்துத்துணி, டயப்பர், ஈரத்துண்டு, ஒரு பருத்தித் துண்டு, பிஸ்கட், வாழைப்பழம். அப்புறம் ஒரு பால்பாயிண்ட் பேனா. இது எதுக்குன்னு கீழ சொல்றேன். தள்ளுவண்டி வேண்டாம், கோயிலுக்குள்ள படியும் கல்வாசலும் தாண்டித் தாண்டிப் போகணும், வெளியிலயும் நடைபாதைய நம்பித் தள்ளிட்டுப் போக முடியாது. இடுப்புல கட்டுற பை மாதிரி கேரியர் இருந்தா அது போதும், இல்லன்னா மாத்தி மாத்தித் தூக்க ஆளு இருக்கணும்.

காலை 6.30: கோயில்

இதைத்தான் நான் விரிவாச் சொல்லணும், ஏன்னா நானே தப்பு பண்ணிருக்கேன். எங்க அக்கா பிள்ளைகளை முதல் தடவ கூட்டிட்டுப் போனப்ப, பைய எந்திரிச்சு, குளிச்சு, டிபன் சாப்ட்டு பத்து மணிக்குத்தான் கிளம்புனோம். சித்திரை வீதி கல்லு அதுக்குள்ள சூடாயிருச்சு. செருப்பை விட்டுட்டு வெறுங்காலோட நாலு எட்டு வைக்கவும் சின்னவன் வீல்னு கத்திட்டான், பெரியவங்க காலுக்குத் தெரியாத சூடு அந்தப் பிஞ்சுக் காலுக்குத் தெரியுது. தூக்கிட்டு வரிசையில நின்னா வரிசை நகரல, கடைசியில 12.30க்கு நடை சாத்துறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான் உள்ள போனோம், அம்மனைப் பாத்தது ஒரு நிமிஷம் கூட இருக்காது. அன்னைக்கு அவன் அழுத அழுகை இன்னும் எனக்கு மனசுல இருக்கு.

அதனால காலையில. பிள்ளைக எப்படியும் ஆறு மணிக்கு முழிச்சுக்கும், ஊருக்கு வந்தா இன்னும் சீக்கிரம் முழிக்கும். பாலு, ரெண்டு பிஸ்கட் குடுத்து 6.30க்கு வாசல்ல நில்லுங்க. கல்லு குளுகுளுன்னு இருக்கும், காத்துல மல்லிப்பூ வாசம், கோபுரத்துல வெயிலு அப்பத்தான் ஏறும்.

உள்ள போன் விடமாட்டாங்க. 2018 பிப்ரவரில வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்ச வருஷத்துல இருந்து போனுக்குத் தடை, வாசல்ல கவுண்டர்ல குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கணும். சின்னப் பிள்ளைகளோட போறவங்களுக்கு இதுல ரெண்டு சிக்கல். ஒன்னு, போன் இல்லன்னா கையில காசும் இல்ல. நம்ம எல்லாரும் ஸ்கேன் பண்ணியே பழகிட்டோம், உள்ள பிள்ளை பிரசாதக் கடையப் பாத்துக் கையக் காட்டுறப்பத்தான் பர்ஸு காலின்னு தெரியும். அதனால முந்தின நாளே பத்து, இருபது, அம்பதா சில்லறை மாத்தி வச்சுக்கோங்க. இன்னொன்னுதான் பெருசு. பிள்ளை கைய விட்டுப் போயிட்டா கூப்பிட்டுக் கேக்க வழி இல்ல. அந்தப் பேனா இதுக்குத்தான். போனைக் குடுக்குறதுக்கு முன்னாடி பிள்ளையோட முன்னங்கையில உங்க நம்பரைப் பெருசா எழுதுங்க, அப்படியே உள்ள போகாம வெளிய இருக்குற ஒரு ஆளோட நம்பரும் சேத்து எழுதுங்க, ஏன்னா உங்க போன்தான் லாக்கர்ல இருக்கே. எங்க மகளை ஒரு தடவ பொற்றாமரைக் குளத்துக்கிட்ட அஞ்சு நிமிஷம் காணோம். ஒரு பூக்கார அம்மா முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, அந்தம்மா அதைத் தனியா விடாம அங்கேயே நிக்க வச்சுட்டாங்க. அதுல இருந்து உள்ள நுழைஞ்சதும் நான் சொல்ற முதல் வார்த்தை, "தொலைஞ்சா தேடி நடக்கக் கூடாது, குளத்துப் படிக்கிட்ட வந்து உக்காரு, அம்மா அங்கதான் வருவேன்."

பெரியவங்க டிரெஸ்ஸுக்கும் கட்டுப்பாடு உண்டு, அரை டவுசர், கையில்லாத சட்டையெல்லாம் போட்டுட்டு வராதீங்க.

கிழக்கே அஷ்டசக்தி மண்டபம் வழியா போனா நேரா அம்மன் பக்கம் போகலாம். தரிசனம் முதல்ல முடிச்சிருங்க. கூட்டம் இருந்தா சிறப்பு தரிசன டிக்கெட் எடுக்கத் தயங்காதீங்க, பிள்ளைக பொறுமை இருக்குறது முதல் அரை மணி நேரம்தான். முடிச்சு வர்றப்ப லட்டு பிரசாதம் குடுப்பாங்க, 2019ல இருந்து எல்லாருக்கும் இலவசமாக் குடுக்குறாங்க, அதை வாங்கிட்டா ஒரு பத்து நிமிஷம் அமைதி.

அப்புறம் பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்துருங்க. உக்காருங்கன்னு சொல்றது சும்மா இல்ல, ஒரு கால் மணி நேரம் நிஜமாவே உக்காருங்க. நடுவுல தங்கத் தாமரை, எதுத்தாப்ல தெக்குக் கோபுரம், இருக்குறதுலயே உயரமானது அதுதான். "இந்தக் குளத்துல ஒரு மீனாச்சும் இருக்கான்னு பாரு"ன்னு பிள்ளைகிட்டச் சொல்லுங்க. தேடும், இருக்காது. அப்ப நாரைக் கதையச் சொல்லுங்க. பசியோட வந்த ஒரு நாரை, கோயில் குளத்து மீனைத் தின்னா பாவம்னு திங்காமலே தவம் இருந்துச்சாம், சிவன் வந்து என்ன வேணும்னு கேக்க, எனக்குப் பின்னாடி வர்ற நாரைகளுக்கும் அந்த ஆசை வரக்கூடாது, இந்தக் குளத்துல மீனே இருக்க வேண்டாம்னு கேட்டுச்சாம். எங்க பய இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் தண்ணியவே பாத்துட்டு இருந்தான், அப்புறம், "அப்ப அந்த நாரைக்கு யாரும்மா சோறு போட்டா?"ன்னான்.

அங்க இருந்து சுவாமி சன்னிதிக்குப் போற வழியில முக்குறுணி விநாயகர். இவருதான் நம்ம கதையோட நாயகன். விநாயகர் சதுர்த்தி அன்னைக்கு மூணு குறுணி அரிசில, அதாவது பதினெட்டுப் படில ஒரே கொழுக்கட்டை செஞ்சு படைக்கிறதாலதான் இந்தப் பேரு. ஆளு அவ்வளவு பெருசு, பிள்ளைக அண்ணாந்துதான் பாக்கணும். இங்க வச்சுக் கதையோட முதல் பாதிய மட்டும் சொல்லுங்க. "இவரு ஒரு காலத்துல பெரிய பள்ளத்துக்குள்ள புதைஞ்சு இருந்தாரு, அந்தப் பள்ளத்தைச் சாயந்திரம் காட்டுறேன்." அதோட நிறுத்திக்கோங்க. எங்க மக அன்னைக்குப் பூரா கேட்டுட்டே இருந்தா, மண்ணுக்குள்ள பிள்ளையாரு எப்படிம்மா மூச்சு விட்டாருன்னு.

ஆயிரங்கால் மண்டபம் நேரம் இருந்தா போங்க, நிழலா இருக்கும், எண்ணத் தெரிஞ்ச பிள்ளைன்னா உண்மையில 985 தூண்தான்னு சொல்லி விடுங்க, எண்ண ஆரம்பிச்சுரும். யானையக் காட்டுறேன்னு மட்டும் வாக்குக் குடுக்காதீங்க, அது எப்ப வெளிய நிக்கும்னு நம்ம கையில இல்ல, பிள்ளை அதையே பிடிச்சுக்கிட்டு அழும். 8.30க்கெல்லாம் வெளிய வந்துருங்க. பாக்காதது நிறைய இருக்கும், இருக்கட்டும்.

டிபன்

கோயிலச் சுத்தி இட்லிக்குப் பஞ்சமே இல்ல. பிள்ளைக்கு இட்லி, உங்களுக்குப் பொங்கல் வடை. நாலஞ்சு சட்னி வைப்பாங்க, காரம் படாத தேங்கா சட்னிய மட்டும் தனியாக் கேட்டு வாங்குங்க. ஜிகர்தண்டா இப்ப வேண்டாம்.

9.30: மஹால்

ஆட்டோல போங்க, ரொம்பத் தூரம் இல்ல, ஆனா அந்த நேரத்துல நடந்தா பிள்ளை சோந்துரும். ஏறுறதுக்கு முன்னாடியே, "அண்ணே, மஹாலுக்கு எவ்வளவு?"ன்னு கேட்டுப் பேசிக்கோங்க.

1636ல திருமலை நாயக்கர் கட்டுனது. இப்ப நிக்கிறது பழைய அரண்மனையில ஒரு பகுதிதான், மிச்சத்தை அவரு பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்துல பிரிச்சுத் திருச்சிக்குக் கொண்டு போயிட்டாங்க. இதெல்லாம் பெரியவங்களுக்கு. பிள்ளைகளுக்கு மஹால்னா தூணுதான். "இந்தத் தூணைக் கட்டிப் பிடிக்க எத்தனை பேரு வேணும்?" இது ஒன்னு போதும், மொத்தக் குடும்பமும் கை கோத்து நிக்கணும், நாங்க நாலு பேரு நின்னோம், எங்க பய கன்னத்தைத் தூண்ல வச்சுட்டு "ஜில்லுன்னு இருக்கும்மா"ன்னான். சுண்ணாம்புச் சாந்துல முட்டை வெள்ளைக்கருவும் சேத்து மெழுகுனதாலதான் இந்த வழவழப்புன்னு சொல்லுவாங்க. இங்க கதையோட ரெண்டாவது துண்டைச் சொல்லணும். "இம்புட்டுப் பெரிய வீட்டுக்குச் செங்கல் எங்க இருந்து வந்துச்சு? மண்ணைத் தோண்டித்தானே? அப்ப தோண்டுன இடத்துல என்ன இருக்கும்?" பெருசா இருந்தா அதுவே சொல்லிரும், பள்ளம்னு.

முற்றத்துல கொஞ்சம் ஓட விடுங்க, ஆனா சுவத்துல கிறுக்க விடாதீங்க, ஏற்கெனவே தூணெல்லாம் பேரு செதுக்கி வச்சிருக்காங்க, பாத்தா வயிறு எரியும். ராத்திரி ஒலி ஒளிக் காட்சி நடந்தாலும், முடிய ரொம்ப நேரம் ஆயிரும், சின்னதுகளோட வேண்டாம். முக்கால் மணி நேரம், மிஞ்சிப் போனா ஒரு மணி நேரம், கிளம்பிருங்க.

11 மணியில இருந்து 4 மணி வரைக்கும்

ரூமுக்குப் போங்க. கால் கழுவி, துணி மாத்தி, தயிர்சாதமோ ரசஞ்சாதமோ குடுத்து, ஃபேனைப் போட்டுப் படுக்க வைங்க, நீங்களும் படுங்க. இந்த நேரத்துலதான் எல்லாருக்கும் கை அரிக்கும், "சும்மாதானே இருக்கோம், காந்தி மியூசியத்தைப் பாத்துட்டு வந்துருவோம்"னு. நல்ல இடம்தான், ராணி மங்கம்மாள் தமுக்கம் அரண்மனையில இருக்கு, 1959ல நேரு வந்து திறந்து வச்சது, ஆனா காந்தி சுடப்பட்டப்ப கட்டியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு, அஞ்சு வயசுக்கு அதை எப்படிச் சொல்லுவீங்க? எட்டு, ஒன்பது வயசாகட்டும், மேலமாசி வீதியில 1921ல அவரு மேல்சட்டைய விட்ட இடத்தையும் அதோட சேத்து ஒரு நாள் பாக்கலாம்.

மதியம் தூங்காத பிள்ளைன்னா, இல்ல ரூமே போடலன்னா, நத்தம் ரோட்டுல இருக்குற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்க. 2023 ஜூலை 15ல திறந்தாங்க, பெரிய கட்டடம், குழந்தைகளுக்குன்னே தனிப் பகுதி, ஏசி, சுத்தமான பாத்ரூம். வெயிலுக்கு அதை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அன்னைக்குத் திறந்திருக்கான்னு மட்டும் பாத்துட்டுக் கிளம்புங்க.

தூங்கி எந்திரிச்ச பிறகுதான் ஜிகர்தண்டா. பாலு, பாதாம் பிசின், நன்னாரி, ஐஸ்க்ரீம் எல்லாம் சேத்துத் திக்கா இருக்கும், சின்னதுக்கு ஒரு முழு கிளாஸ் தாங்காது, ஒன்னை வாங்கி ரெண்டு பிள்ளைக்கும் பங்கு போடுங்க. பாதாம் பிசின் வழுக்கிட்டுப் போகும், ரெண்டு வயசுக்குக் கீழ உள்ளதுக்கு அதை எடுத்துட்டுப் பால மட்டும் குடுங்க. சளி பிடிக்கிற பிள்ளைன்னா ஜிகர்தண்டாவே வேண்டாம், சாயந்திரம் வண்டியில பருத்திப்பால் விப்பாங்க, சுக்கும் தேங்காயும் போட்டுச் சூடா இருக்கும், அதை வாங்கிக் குடுங்க.

5 மணி: தெப்பக்குளம்

ஊருக்குக் கிழக்க, காமராசர் சாலையிலேயே நேராப் போனா வந்துரும். வெயிலு தாழ்ந்து காத்து வர்ற நேரம். 1645ல வெட்டுன குளம், ஏறக்குறைய 16 ஏக்கர், நடுவுல மைய மண்டபம், தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்கதான் தெப்பத்துல சுத்துவாங்க. வைகையில இருந்து தண்ணி வர்றதுக்கு அந்தக் காலத்துலயே வாய்க்கால் போட்டு வச்சிருக்காங்க.

இறங்குன உடனே சொல்லிராதீங்க. கைப்பிடிச் சுவருக்கிட்டப் போய் நின்னு, பிள்ளையத் தூக்கித் தண்ணியக் காட்டி, அப்பச் சொல்லுங்க, இதுதான் அந்தப் பள்ளம்னு. எங்க மக கொஞ்ச நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் கையத் தண்ணியப் பாத்து நீட்டி, "பிள்ளையாரு இங்க படுத்திருந்தாரா, இல்ல அங்கிட்டா?"ன்னு கேட்டா. நான் மைய மண்டபத்தைக் காட்டி, "அந்தப் பக்கமாத்தான் இருக்கும்"னேன். எனக்கே தெரியாது, இருந்தாலும் அவளுக்கு ஒரு இடம் வேணும்ல.

இங்க ரெண்டு விஷயத்துல கண்ணு வேணும். குளத்தைச் சுத்தி நாலு பக்கமும் ரோடு, சாயந்திரம் வண்டி நிக்காம போகும், அதனால ரோட்டைத் தாண்டுறப்ப பிள்ளை நடக்கக் கூடாது, தூக்கிக்கோங்க. தண்ணி நிறைஞ்சு இருக்குறப்ப படியில இறங்க விடாதீங்க, பாசி வழுக்கும். மத்தபடி சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து சுண்டல், சோளம், பஞ்சுமிட்டாய்னு ஒரு மணி நேரம் ஓட்டிரலாம். கரையிலேயே மாரியம்மன் கோயில் இருக்கு, ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க.

ராத்திரி

ஏழு மணிக்கு மேல வெளிய வச்சிருக்காதீங்க. கறி தோசை, பரோட்டா எல்லாம் மதுரைக்கு வந்துட்டுச் சாப்பிடாமப் போக முடியாதுதான், ஆனா ராத்திரி கடையில கூட்டம், புகை, சத்தம், தூங்கி விழுற பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு ருசியே தெரியாது. பிள்ளைகளுக்கு இட்லியோ இடியாப்பமோ குடுத்துத் தூங்க வச்சுருங்க, வீட்டுக்காரரு போய் பார்சல் வாங்கிட்டு வரட்டும், ரெண்டு பேரும் நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம். படுக்க வைக்கிறதுக்கு முன்னாடி சுடுதண்ணில காலை நல்லாக் கழுவி விட்டு, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒரு தடவ பாருங்க, வெறுங்காலோட நடந்த நாளு, சின்ன முள்ளு, கல்லு ஏறியிருந்தா தூக்கத்துலதான் வலிக்கும். கையில எழுதுன நம்பர் சோப்பு போட்டாப் போயிரும். ஊருக்கு ரயில் மறுநாள்தான்னா அப்படியே விட்டுருங்க, ஸ்டேஷன் கூட்டத்துலயும் உதவும்.

மறுநாளும் இருக்கீங்கன்னா ஒரே ஒரு இடம் மட்டும் சேருங்க, கீழடி. மதுரையில இருந்து 12 கிலோமீட்டர், 2023 மார்ச்சுல திறந்த மியூசியம், காலையில போயிட்டு மதியத் தூக்கத்துக்குத் திரும்பிரலாம். அங்க பானைய விட தாயக்கட்டையும் வட்டச்சில்லும் வச்சிருக்குற பக்கம்தான் பிள்ளைகளுக்கு, நேரா அங்க கூட்டிட்டுப் போங்க. முந்தின நாளு மண்ணுக்குள்ள இருந்து பிள்ளையாரு வந்த கதையக் கேட்ட பிள்ளைக்கு, மண்ணுக்குள்ள இருந்து விளையாட்டுச் சாமான் வந்துச்சுன்னா ஒன்னும் புதுசா விளக்க வேண்டியதே இல்ல.